பேசி முடித்த பாக்கி

"அக்கா, காலேஜ் பீஸ் பாக்கிய முழுசாக் கட்டணுமா, இல்ல பேசி முடிச்சிரலாமா?"

அனுசியா கேட்டதும் நாகஜோதி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ராஜபாளையத்தில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்தக் கூட்டுக் குடும்பத்தில் யாரும் அவளிடம் யோசனை கேட்டதில்லை. இன்றைக்குக் கொழுந்தன் விமலின் மனைவி கேட்கிறாள்.

"என்ன பாக்கி?"

"எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் பீஸு, அக்கா. யுனிவர்சிட்டியிலேயே ஒரு பைனான்ஸ் கம்பெனிய வச்சு மாசத் தவணை போட்டுக் குடுத்தாங்க. எங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதுல கட்ட முடியாம விட்டாச்சு. இப்ப லோனுக்குப் போனா சிபில்ல அது நிக்குதாம். வட்டியோட எண்பதாயிரம் ஆயிட்டு. கம்பெனிக்காரன் முப்பதாயிரம் குடுங்க, முடிச்சிக்கிடலாம்ங்கான்."

மாமியார் அய்யம்மாள் இடையில் புகுந்தாள். "ஏட்டி ஜோதி, புள்ள கேக்கால்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு. அவ பேருல லோன் போட்டுத் துணிக்கடை வைக்கப் போறோம்."

துணிக்கடை!

தம்பியோடு சிமெண்ட் லாரி ஓட்டும் சோலைராஜுக்குக் கழுத்தை நீட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. வாசல் அறையில் தையல் மெஷின் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கெஞ்சியபோது, "பொம்பளைக்கு எதுக்குட்டி தொழில்?" என்று கேட்டது இதே அய்யம்மாள்தான். அந்த வாய்தான் இப்போது சின்ன மருமகளுக்குக் கடை வைத்துத் தருகிறேன் என்கிறது. நாலு மாதமாகவே வீட்டில் அனுசியா வைத்ததுதான் சட்டம். அவள் எழுந்திருக்கும் முன்பே காபி தயாராகிவிடும். ஆடிப்பூரத் தேருக்கு அவளுக்கு மட்டும் பட்டுச்சேலை. அதையெல்லாம்கூட நாகஜோதி பொறுத்துக்கொண்டாள். கட்டின புருஷனே, "படிச்ச புள்ள, அதோட தெளிவே தனி" என்று சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

சரியான பதில் நாகஜோதிக்குத் தெரியும். ஆபீசுக்கு வருகிறவர்களுக்குத் தினமும் சொல்வதுதான். முழுப் பணத்தையும் கட்டு, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கு, சிபில் கடன் பதிவில் 'க்ளோஸ்ட்' என்று மாறும்வரை விடாதே. குறைத்துப் பேசிக் கட்டினால் 'செட்டில்ட்' என்று விழும். அது விழுந்துவிட்டால் வருடக்கணக்கில் எந்த பேங்கும் ஏறிட்டுப் பார்க்காது.

மோரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"முப்பதாயிரத்தக் கட்டி முடிச்சிரு. அம்பதாயிரம் மிச்சம்லா?"

"அம்புட்டுத்தான்! இதுக்குப் போயி யோசிச்சிக்கிட்டு" என்றாள் அய்யம்மாள்.

அனுசியா மூத்தவளின் முகத்தையே செத்த நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்று எழுந்து போனாள்.

இரண்டு நாள் நாகஜோதிக்குத் தூக்கம் சரியாக இல்லை. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மூன்றாம் நாள் அய்யம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அனுசியாவுக்குப் போட்டு அழகு பார்த்தாள். அதோடு அந்த நினைப்பும் போயிற்று.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், அனுசியா அவளுடைய ஆபீசுக்கே வந்து நின்றாள்.

"லோன் கிடைக்கலக்கா. 'செட்டில்ட்'னு கெடக்குதாம். பேங்க் மேனேஜர் கைய விரிச்சிட்டாரு."

"அய்யய்யோ!" நாகஜோதி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளே பல நாள் எரிந்துகொண்டிருந்தது குளுகுளுவென்று அடங்கியது. "கடை போச்சே அனுசியா."

அனுசியா சட்டென்று அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியலக்கா."

"நன்றியா?"

"கடையுமில்ல, ஒண்ணுமில்ல. ஆலங்குளம் பேக்டரில சிமெண்ட் ஏத்துத நம்ம வீட்டு லாரி ரெண்டுலயும் கடன் கழுத்துக்கு மேல போயிட்டு. அண்ணன் தம்பி பேருல இனிமே எங்கயும் அஞ்சு பைசா பெயராது. அதான் என் பேருல வாங்கி அதுல அடைக்கப் பார்த்தாவ. காபி, பட்டு, சங்கிலி எல்லாம் என் கையெழுத்துக்குத்தான். நீங்க லோன் ஆபீஸ்ல இருக்கதால, லாரிக் கடன் ஒங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

நாகஜோதி தன் கைகளை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. முழுசாக் கட்டுனாத்தான் பேரு சுத்தமாகும்னு எனக்கும் தெரியும்க்கா. நீங்க மட்டும் அன்னைக்கு அத்தை முன்னால அதச் சொல்லிருந்தா நான் மாட்டிருப்பேன். எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ, கூடப் பொறந்தவ மாதிரி காப்பாத்திட்டீங்க."

மேஜைமேல் இருந்த நாகஜோதியின் போன் அடித்தது. மாமியார்! ஆபீஸ் நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தாள்.

"ஜோதிக்கண்ணு, சாப்பிட்டியாம்மா?" அய்யம்மாளின் குரலில் தேன் வழிந்தது. "ஒனக்குன்னு அயிரை மீன் கொழம்பு வச்சிருக்கேன், வெரசா வா. வரும்போது ஒன் ஆதார் கார்டு, சம்பளச் சீட்டு எல்லாத்தையும் மறக்காம எடுத்துட்டு வந்திரு தாயி."