ஆமைப் பள்ளியில் தலை எண்ணிய நாரை

"முதல்ல தலையை எண்ணுப்பா, அப்புறம்…" என்று ஓய்வுபெற்ற பெரிய கொக்கு ஏதோ சொல்லியிருந்தது. அப்புறம் என்ன என்பது கல்வி அதிகாரி நாரைக்கு மறந்துபோயிற்று. குளத்தில் இரண்டு பள்ளிகள். நூறு தலை இருந்தால் ஒரு துணைத் தலைமையாசிரியர் என்பது விதி. அந்த வருஷம் தர இருந்ததோ ஒரே ஒரு பணியிடம்.

வாத்துப் பள்ளியில் குஞ்சுகள் கழுத்தை நீட்டி நின்றன. நூற்றிருபது என்று நாரை குறித்துக்கொண்டது.

அடுத்து ஆமைப் பள்ளி. நாரையின் நிழல் விழுந்ததுமே குஞ்சுகள் அத்தனையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த வாத்து வாத்தியார் சிரித்தது.

"தலையே இல்லாத இடத்துல துணைத் தலைமைக்கு என்ன சார் வேலை?"

தலைமையாசிரியை ஆமை மூச்சிரைக்க ஓடிவந்தது. "ஐயா, புதுசா யார் வந்தாலும் இப்படித்தான் உள்ள போயிடுதுங்க. ஒவ்வொண்ணாப் பேசி வெளியே கொண்டுவர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுது. பாடம் எப்ப நடத்துறது? அதுக்குத்தான் இன்னொரு ஆள் கேக்கறேன்."

"அதுங்க வெளியே வந்தாத்தானேம்மா நான் எண்ண முடியும்?"

"ஆள் வந்தாத்தானேய்யா அதுங்க வெளியே வரும்?"

நாரை வெகுநேரம் கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தது. ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஆமைப் பள்ளியின் படிவத்தை எடுத்து, தலைகள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதியது. துணைத் தலைமையாசிரியர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதியது.