நாற்பத்தைந்து டிகிரி

மஸ்கட் போகும் அட்டைப்பெட்டியை உபைதுல்லா கயிற்றால் இறுக்கிக் கட்டினான். மனைவி ஹமீதா பானு முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வழியனுப்ப வந்த அவளுடைய மாமா ஜெக்கரியா, "அங்க நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலு. பத்து வருஷத்துல நானே கருகிட்டேன்" என்றார்.

"மழை பெஞ்சதும் முளைச்சு, சில வாரத்துல ஆயுசு முடியுற பாலைவனச் செடிங்க இருக்கு மாமா. சிலதோட இலை அந்தச் சூட்டுலயும் உணவு தயாரிக்கும்" என்றாள் ஹமீதா.

"செடியை விடும்மா. ரெண்டு வருஷம் புருஷன் இல்லாம புள்ளைய வச்சுக்கிட்டு இருந்துடுவியா?"

ஹமீதா பெட்டியைத் திருப்பினாள். கறுப்பு மையில் கொட்டை எழுத்து: 'டாக்டர் ஹமீதா பானு, தாவரவியல் ஆய்வாளர், மஸ்கட்.'

"புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கப்போறது அவரு. எத்தனை டிகிரியில அந்த இலை சோருதுன்னு அளக்கப் போறது நான். நான் சோரமாட்டேன் மாமா."