மூன்றாவது தம்ளர்

ஜன்னலோரம் தொபியாஸ், எதிரே கட்டிலில் மனைவி செலஸ்தீன், நடுவில் இரண்டு வருஷத்துக்கு முன் கடலில் காணாமல்போன மகன் ரெமியின் காலி நாற்காலி. மேசைமேல், அவன் இறந்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கப்பல் கம்பெனி அனுப்பிய தாள்.

“லீவுக்கு வந்து போட்டுத் தருவேன்” என்று கடைசிக் கடிதத்தில் ரெமி எழுதியிருந்த ஜின் மதுவை, அதிலிருந்த செய்முறையைப் பார்த்தே தொபியாஸ் மூன்று தம்ளரில் கலந்தார். செலஸ்தீன் புதினாவைத் துவையல்போல் அரைத்து வந்தாள்.

“அரைக்கக் கூடாதுட்டி. உள்ளங்கையில வச்சு ஒரு தட்டு தட்டணும்னு எழுதிருக்கான்.”

புது இலையெடுத்துத் தட்டினார். ஒற்றைக் கைதட்டல் வீடெங்கும் கேட்டது.

“மருந்து மாதிரில்லா இருக்கு,” ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள் செலஸ்தீன். “இதையா எம்புள்ள ருசிச்சுக் குடிச்சான்?”

மூன்றாவதில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. “இனி யாருக்கு வைக்க?” என்று அதையும் எடுத்துக் குடித்தாள்.

கம்பெனித் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். புதினா மணக்கும் நாவால் உறையை நனைத்து அவளே ஒட்டினாள். தெருமுனைத் தபால்பெட்டிக்குள் அதை விட்டபிறகும் தொபியாஸ் கையை வெளியே எடுக்கவில்லை.