இருபத்தைந்து கிலோ தாங்கும்

"இதுவும் போச்சு, மக்ரீட்டா. அக்டோபர்ல வாங்கின தூண்டில் நரம்பு. தையல் நூல் மாதிரி அறுந்துடுச்சு."

பேரென்ட் நனைந்த காலோடு சமையலறை வாசலில் நின்றான். முழங்காலைச் சிப்பி கிழித்திருந்தது. அவன் மனைவி மக்ரீட்டா காபிக் கோப்பையை வைத்துவிட்டு, பஞ்சும் வெந்நீரும் எடுத்துவந்தாள். அறுந்துபோன நரம்பைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் மோசல் விரிகுடாவில் பாறை மேல் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குப் பேரென்ட்டைத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள் மீன் பதனிடும் ஆலையில் இயந்திரம் பார்ப்பான். சனிக்கிழமை பொழுது வெளுத்ததும் மைத்துனன் ஃப்ளோரிஸைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்குக்குக் கீழே போய்விடுவான். ஆள் உயரக் கத்தாளை மீன் ஒன்றைக் கரையேற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. இந்தக் கோடையில் மூன்று தடவை அப்படியொரு மீன் கடித்தது. மூன்று தடவையும் நரம்பு அறுந்து மீன் போனது.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. ஒரு சுவர் முழுக்க நரம்பு சுற்றிய உருளைகள். வேண்டியதை எடுத்து ரீலில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இடது ஓரத்தில் ஐந்து கிலோ தாங்குவது, அப்புறம் பத்து, பதினைந்து, வலது ஓரத்தில் இருபத்தைந்து. இருபத்தைந்தில் மட்டும் ஆறு உருளைகள் வைத்திருந்தான்.

அவனுக்குப் புரியாதது இதுதான். ஐந்தும் பத்தும் மூன்று வருடமாக அதே சுவரில் கிடந்தும் கெட்டியாக இருந்தன. தடித்த நரம்பு மட்டும் நாலு மாதத்தில் இற்றுப்போனது. தராசில் கட்டி இழுத்துப் பார்த்தான். ஒன்பது கிலோவுக்கே பட்டென்று அறுந்தது.

துறைமுகத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனான். அவர் அதே சரக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி மணல்மூட்டையைத் தொங்கவிட்டுக் காட்டினார். இருபத்தைந்து கிலோவை அது சுலபமாகத் தாங்கியது. சரக்கில் குறையில்லை, வைக்கிற இடத்தைப் பார் என்று சொல்லி அனுப்பினார். வெயிலும் பெட்ரோல் ஆவியும் நரம்புக்கு ஆகாதாம்.

பேரென்ட் அன்றைக்கே பட்டறை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தான். பெட்ரோல் டப்பாவைத் தோட்டத்துக் கடைசிக்குக் கொண்டுபோனான். உருளைகளையெல்லாம் இறக்கி, வாங்கிய தேதிப்படி திரும்ப அடுக்கினான். மக்ரீட்டா கறுப்புத் துணி வாங்கி, தடித்த நரம்பு ஆறுக்கும் சுருக்குப் பை தைத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரு சட்டைகூட இவ்வளவு கவனமாகத் தைத்ததில்லையே என்று அவன் கேலி செய்தான். அவள் பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தராசில் கட்டிப் பார்த்தான். எட்டு கிலோ. முன்பைவிட ஒரு கிலோ குறைவு.

இருட்டறையில், பைக்குள், முடிச்சுப் போட்டு வைத்தது எப்படி மேலும் இற்றுப்போகும்? எலியா என்று பார்த்தான். பல் பட்ட அடையாளம் இல்லை. கடல் உப்பா என்று உருளைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தான். ஆலையில் வேலை செய்கிறபோதும் அதே யோசனை. ஆட்கள் கூப்பிட்டால்கூட இரண்டாம் முறைதான் திரும்பினான். கடைசியில் அவன் சந்தேகம் ஃப்ளோரிஸ் மேல் போய் நின்றது. பட்டறைக்குள் கேட்காமல் நுழைகிற ஆள் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டே விட்டான்.

"உன் பழைய நரம்பை வச்சுட்டு என் புதுசை எடுத்துக்கறியா, ஃப்ளோரிஸ்?"

ஃப்ளோரிஸ் கரண்டியை வைத்தான். கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன்தான், அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

"என் தம்பி உன் பொருளைத் தொடமாட்டான். அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் மக்ரீட்டா. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. தம்பியைக் குறை சொல்லிவிட்டதால் கோபம் என்று பேரென்ட் நினைத்தான். தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்றும் தோன்றியது. ஆனால் ஃப்ளோரிஸ் இல்லையென்றால் வேறு யார்?

புதன்கிழமை ஆலையில் மின்சாரம் நின்றது. சாயங்காலம்வரை வராது என்று தெரிந்ததும் பதினொரு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் ஃப்ளோரிஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று தெருமுனையில் நின்று யோசித்தான். மனம் வராமல் நேரே வீட்டுக்கு வந்தான்.

பட்டறைச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. கறுப்புப் பைகள் ஆறும் ஏணியின் கீழ்ப்படியில் மடித்துக் கிடந்தன.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உச்சி வெயிலில் தகரக் கூரை பளபளத்தது. அதன்மேல் தடித்த நரம்பு உருளைகள் ஆறும் வரிசையாக இருந்தன. ஏணியின் உச்சியில் வைக்கோல் தொப்பியோடு நின்ற மக்ரீட்டா, கருவாட்டைத் திருப்பிப் போடுவதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவன் ஏணியடிக்கு வந்து நின்றான். அவள் பதறவில்லை. ஆறாவது உருளையையும் திருப்பிவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள்.

"போன ஈஸ்டருக்கு ஒரு மீன் உன்னைப் பாறை விளிம்பு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சாமே. ஃப்ளோரிஸ்தான் பெல்ட்டைப் பிடிச்சு நிறுத்தினானாம். நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்றாள். "நீயா தூண்டில் கோலை விடமாட்டே, பேரென்ட். அதான், நரம்பாவது உன்னை விடட்டும்னு."