சொக்கனும் வாளியும்

1998 பொங்கலன்று கிணற்றில் ஏழு சிமெண்ட் உறை உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. பாசி தின்று அதைச் சுத்தமாக வைத்திருக்க விட்ட ஆமைக்குப் பெயர் சொக்கன். அன்றுதான் வாளியைக் கழற்றிவிட்டு மோட்டார் குழாயை இறக்கினார்கள்.

வாளி இருந்தவரை, "சொக்கா, தலையை இழுத்துக்கோ, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கும். இறைப்பவருக்குக் கை வலிக்கும். பத்து வாளியோடு போதும் என்று போய்விடுவார்.

குழாய் வைத்த வாய் எடுக்காமல் உறிஞ்சியது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் தினமும் கிணற்றுக்குள் கேட்டது.

"சாக்கடைக்குப் போகுதேப்பா, நிறுத்தேன்" என்றது சொக்கன்.

"சுவிட்ச் போட்டவங்க டிவி பார்க்கிறாங்க. எனக்கென்ன கையா வலிக்குது? உன் ஓடு காயுதுன்னு அழாதே, கிழவா!"

கோடைக்கு ஓர் உறையாகத் தண்ணீர் இறங்கியது. கூடவே சொக்கனும் இறங்கியது. ஏழாவது கோடையில் குழாய் இருமியது. காற்றுதான் வந்தது.

சேற்றில் கிடந்த சொக்கனுக்கு மேலே கப்பி கிறீச்சிட்டது.

"சொக்கா, தலையை இழுத்துக்கோ, வர்றேன்."

"வந்து என்ன செய்யப் போறே? தண்ணி இல்லையே."

"தெரியும். உன்னைத் தூக்கத்தான் என்னைத் தேடி எடுத்தாங்க."

2004 மே 9, ஞாயிற்றுக்கிழமை, கிணற்றை மண் கொட்டி மூடினார்கள்.