நிற்கும்வரை ஓடட்டும்

திருமயம் சாலையோரப் பட்டறையில், உச்சி வெயிலில், பாசிலாவின் வாடகைக் கார் அரை மணி நேரமாக நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சூடேறினால்தான் அது அணைந்துபோகும். ஆறிவிட்டால் நல்ல பிள்ளையாக ஓடும். ஆறிய வண்டியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்த இரண்டு பட்டறைகளும் கோளாறே இல்லையென்று அனுப்பிவிட்டன. "நாளைக்கு டயாலிசிஸுக்கு ஒரு அம்மாவ ஏத்திட்டுப் போகணும்ண்ணே. நடுவழியில நின்னுச்சுன்னா?" என்கிறாள். மெக்கானிக் உதயசூரியன் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னைக்கு இங்கனயே நிக்கட்டும். நிக்காம விடமாட்டேன். ஏசிய முழுசா வைங்க." ரேடியேட்டர் விசிறி இரைகிறது. அவருடைய வியர்வைத் துளி இன்ஜின்மேல் விழுந்து பொரிகிறது. சட்டென்று எல்லாச் சத்தமும் அறுந்துபோகிறது. எப்போதும் அவளை நடுவழியில் தவிக்கவிடும் அந்த அமைதியில் பாசிலா முதல் முறையாகச் சிரிக்கிறாள். அவர் பாட்டிலை எடுத்து, இன்ஜினின் அடியில் கட்டைவிரல் அளவே இருந்து, இன்ஜினின் சுழற்சியை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல் தண்ணீரை ஊற்றுகிறார். ஆவி எழுகிறது. "இப்ப சாவியத் திருப்புங்க." ஒரே திருப்பில் இன்ஜின் உறுமுகிறது. "இது மட்டும் குளுந்ததும் ஓடுது பாருங்க. ஆளு சிக்கிட்டான்." பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி அவர் கை துடைத்த பிறகும் பாசிலா கிளம்பவில்லை. வண்டியை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.