குலுங்காத சைட்கார்

அனிற்றாவை சைட்காருக்குள் இறக்கி உட்கார வைக்க மூன்று பெண்கள் வேண்டியிருந்தது.

அவளுக்குப் பிரசவ வலி தொடங்கி ஒரு மணித்தியாலம். தோட்டத்து லொறி மலையில் ரப்பர் பால் சேர்த்துக்கொண்டிருந்தது. பாலை பெக்டரியில் இறக்காமல் லொறியைத் தர மாட்டார்கள். தாமதித்தால் பால் உறைந்துவிடும்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் கொழும்புக்குப் போயிருந்தது.

ஆகவே அவளுடைய புருஷன் இருதயராஜ் என்னிடம் ஓடி வந்தான். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். என்னிடம் ஒரு பழைய பி.எஸ்.ஏ மோட்டார் சைக்கிள் இருக்கிறது, இடப்பக்கம் சைட்காரோடு. முன்பிருந்த துரை தன் நாயை அதில் உட்கார வைத்துக்கொண்டு மலையில் வேலை பார்வையிடப் போவாராம்.

“தொரையோட நாயி சவாரி போன வண்டிடி. நீ குடுத்து வச்சவ,” என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, அவளுடைய கால்களைத் தூக்கி உள்ளே வைத்தபடி.

“நாயிக்காச்சும் நேரத்துக்கு வண்டி கெடச்சிச்சு,” என்றாள் அனிற்றா, பல்லைக் கடித்துக்கொண்டு.

சொன்ன பிறகுதான் நான் அருகில் நிற்பது அவளுக்கு உறைத்தது.

நேரத்துக்கு வண்டி கிடைக்காதவள் என் மனைவி கலைச்செல்வி. அவள் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. பிள்ளையும் பிழைக்கவில்லை.

இருதயராஜின் தாய் மெட்டில்டா அக்கா பேச்சைச் சமாளிக்கப் பார்த்தாள்.

“அன்னைக்கு இந்தப் பாழாப்போன வண்டி பழுதாகாம இருந்திருந்தா அந்தப் புள்ள இன்னைக்கு இருக்கும். அதுக்காக மனுசன் வண்டிய தூக்கியா போட்டாரு? நம்ம புள்ளைகளுக்காச்சும் ஒதவட்டும்னு செஞ்சு வச்சிருக்காரு. மாதா ஒங்கள கைவிட மாட்டா சேர்.”

நான் கிக்கரை மிதித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இருதயராஜ் எனக்குப் பின்னால் ஏறினான். ஏறும்போது எஞ்சினை ஒருமுறை குனிந்து பார்த்தான்.

கீழ்ப் பாலம் வரை இரண்டு மைல். தார் கிடையாது. கருங்கல்லும் குழியும்தான்.

முன்பு சைட்கார் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை. ஒவ்வொரு கல்லும் நேரே முதுகெலும்பில் ஏறும். இப்போது அதில் அதிர்வு தாங்கும் த்ரீவீலர் ஷொக் ஒன்று பூட்டியிருக்கிறேன். இருக்கையில் நான்கு அங்குலப் பஞ்சு. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பாதம் ஊன்ற ஒரு பலகை.

சைட்காரைக் கண் பார்வையில் பூட்ட முடியாது. உட்காருபவரின் பாரத்துக்கு வண்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப நிமிர்த்தி இறுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இது கலைச்செல்வி ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து கொடுத்த அளவு.

அனிற்றாவுக்கும் சரியாக இருந்தது. வலி வந்தபோதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்தாள். கல்லுக்காக ஒரு தடவையும் பிடிக்கவில்லை.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியை ஹோர்ன் அடித்துக்கொண்டே கடந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் தானாகவே எழுந்து நின்றாள். தாதி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். உள்ளே அழைத்துப் போனார்கள்.

நான் வண்டியருகே குந்தினேன். ஷொக்கின் கீழ் நட்டு சற்றுத் தளர்ந்திருப்பதுபோல் பட்டது. ஸ்பானரை எடுத்தேன்.

இருதயராஜ் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மரியாதையாகத்தான் வாங்கினான்.

“வேணாம் சேர். அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் எதையும் கழட்டாதீங்க.”

அவனுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றும் இதே பகல் நேரம். லொறி பாலுக்குப் போயிருந்தது. கலைச்செல்வியைக் கம்பளியில் கிடத்தி, தூளிபோல் கழியில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழ்ப் பாலத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நான்கு பேரில் இருதயராஜும் ஒருவன். கம்பளி எடுக்க என் பின்னறைக்குள் போனவன் அவன் மட்டும்தான்.

அங்கே சாக்கு விரித்து எஞ்சினைப் பரப்பி வைத்திருந்தேன். பிஸ்டன் தனியாக, வால்வுகள் தனியாக. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வரிசையாக.

வண்டி பழுது என்று தோட்டத்துக்குச் சொன்னது நான். அவன் தன் தாயிடம்கூட அதை மறுத்துச் சொல்லவில்லை.

வண்டி பழுதாகவில்லை.

குலுங்குகிறது என்று கலைச்செல்வி ஒரேயொரு முறை சொன்னாள். அதற்காகத்தான் ஷொக் பூட்டினேன். அரை நாள் வேலை. அவளை உட்கார வைத்து அளவும் பார்த்தேன். போதும், இனி அதைத் தொடாதீங்க என்றாள்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கையோடு எஞ்சினையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம் என்று இறக்கினேன். திரும்பப் பூட்ட ஒரு கேஸ்கட் தகடு தேவைப்பட்டது. கொழும்பில் சொல்லி வைத்தேன். அது வந்தபோது அவளைப் புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை.